இரண்டு வேளை வருகைப் பதிவேடு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பாத்திரம் கழுவும் சத்தத்தை வைத்தே அன்றைக்கு எனக்கு யார் மேல் கோபம் என்று என் கணவர் சொல்லிவிடுவார். ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறவர், சத்தத்துக்குப் பழகிய காது. ஆனால் இங்கே எழுதப்போகிற விஷயத்தில் யார் மேல் கோபப்படுவது என்று இரண்டு வருடமாக எனக்கே தெரியவில்லை. சட்டம் போட்டவர்கள் மேல் கோபம். சட்டத்தைப் படித்துக் காட்டியவர்கள் மேல் கோபம். அந்த வரிசையில் கடைசியாக நானும் நிற்கிறேன் என்பதுதான் பெரிய எரிச்சல்.

திருமுல்லைவாயில் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் ஒரு சமுதாயக் கல்லூரியில் நான் பாடம் எடுக்கிறேன். கல்லூரி என்றதும் மைதானம், மரம், பெரிய கேட் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கீழே டைல்ஸ் கடை, மேலே எங்கள் மூன்று அறைகள். பத்தாவதோடு நின்றவர்கள், பன்னிரண்டாவதில் தோற்றவர்கள், கல்யாணமாகி அடுப்படிக்குப் போனவர்கள், எந்த வயதானாலும் வந்து ஒரு வருடம் படித்து ஒரு தொழிலுக்கு டிப்ளமோ வாங்கிக்கொண்டு போகலாம் என்பதற்காக அரசாங்கமே யோசித்து அனுமதித்த கல்லூரி இது. சான்றிதழ் தருவது பல்கலைக்கழகம். பாடம் நடத்துவது எங்களைப் போன்றவர்கள். நான் பதினோரு வருடம் மருத்துவமனையில் நர்ஸாக இருந்து, நோயாளிகளைத் தூக்கித் தூக்கி முதுகு போனபின் இங்கே வந்தேன். நோயாளர் பராமரிப்பு என்ற பாடப்பிரிவு முழுக்க என் பொறுப்பு.

அந்த வருடம் இருபத்திரண்டு பெண்கள். அதில் நான்கு பேருக்கு ஒரே பெயர். அதனால் வகுப்பில் ஊர்ப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். அன்னனூர், பட்டாபிராம், பருத்திப்பட்டு என்று நான் பெயர் கூப்பிடுவதைக் கேட்டால் யாரோ பஸ் கண்டக்டர் என்று நினைப்பார்கள். இந்தக் கதை சென்னீர்குப்பத்தைப் பற்றியது. அந்த ஊரைப் பற்றி அல்ல, அந்த ஊரிலிருந்து வந்தவளைப் பற்றி.

சென்னீர்குப்பத்துக்கு முப்பத்தாறு வயது, என்னைவிட ஐந்து வயது சின்னவள். கணவர் இல்லை. ஒன்பதாவது படிக்கும் ஒரு மகள். பூந்தமல்லிப் பக்கம் நெடுஞ்சாலையில் இருக்கும் ஒரு தனியார் மருத்துவமனையில் துப்புரவு வேலை, ஒப்பந்தத்தில். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். ஏ ஷிப்ட் என்றால் காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு. பி என்றால் இரண்டிலிருந்து ராத்திரி பத்து. சி என்றால் ராத்திரி முழுக்க.

ஒருமுறை வார்டில் தரை துடைத்துக்கொண்டிருந்தபோது, கட்டிலில் இருந்த பெரியவருக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்குவதைப் பார்த்திருக்கிறாள். சர்க்கரை இறங்குகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய அம்மாவுக்கும் அப்படித்தான் ஆகும். ஓடிப்போய் நர்ஸிடம் சொல்லிவிட்டு, அவர் வருவதற்குள் பெரியவரின் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். பெரியவர் பிழைத்தார். துடைப்பம் பிடிக்கிற கையால் நோயாளியை ஏன் தொட்டாய் என்று சூப்பர்வைசர் அவளை நிற்க வைத்துத் திட்டினார். அதைப் பார்த்த நர்ஸிங் சூப்பிரண்டன்ட் மட்டும் அவளைத் தனியே கூப்பிட்டு, இந்த மாதிரி ஒரு டிப்ளமோ வாங்கிக்கொண்டு வா, நோயாளி உதவியாளராக வார்டுக்குள் எடுத்துக்கொள்கிறேன், நான் ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம்தான் இருக்கிறது, அதற்குள் வா என்றாராம். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவள் எங்கள் மாடிப்படி ஏறினாள்.

அவளைப் போன்றவர்களுக்காகத்தான் நாங்கள் ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். ஒரே பாடத்தை ஒரு நாளில் இரண்டு முறை எடுப்பேன். காலை பத்திலிருந்து ஒன்று. மறுபடி மாலை மூன்றரையிலிருந்து ஆறரை. யாருக்கு எந்த வேளை முடியுமோ அதற்கு வரலாம். சென்னீர்குப்பம் ஏ ஷிப்ட் வாரத்தில் மாலையில் வருவாள், மற்ற வாரங்களில் காலையில் வருவாள். சி ஷிப்ட் வாரத்தில் ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சமைத்து, மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, ஆவடி பஸ் பிடித்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோ ஏறி, பத்து மணிக்கு என் எதிரில் உட்கார்ந்திருப்பாள். கண் சிவந்திருக்கும், ஆனால் மூடியிருக்காது. ரத்த அழுத்தம் பார்ப்பதில் அவளை மிஞ்ச அந்த வகுப்பில் ஆளில்லை. மற்றவர்கள் காதில் குழாயை மாட்டிக்கொண்டு கேட்காத சத்தத்தைக் கேட்டதாகச் சொல்லும்போது, அவள் மட்டும் கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்பாள். இந்த வேலைக்கு அதைவிடப் பெரிய தகுதி ஒன்றுமில்லை.

ஒரே பாடத்தை இரண்டு முறை சொல்லித் தொண்டை கட்டிக்கொள்வது எனக்குப் பெருமையாகவே இருந்தது. என்னிடம் ஒரு நீளமான பதிவேடு இருந்தது. அதில் ஒவ்வொரு தேதிக்கும் கீழே இரண்டு கட்டங்கள் போட்டு, காலை, மாலை என்று எழுதி, யார் எந்த வேளைக்கு வந்தார்கள் என்று குறிப்பேன். பக்கத்தைப் புரட்டினால் இருபத்திரண்டு பேருடைய வேலையும் வீடும் தெரியும். இந்த வாரம் இவளுக்கு ஏ ஷிப்ட், இவளுடைய மாமியார் ஊரில் இல்லை, இவளுக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், எல்லாமே அந்தக் கட்டங்களில் இருந்தது. வருடம் முழுக்க அவர்களில் ஒருத்தர்கூட ஒரு பாடத்தையும் முழுதாகத் தவறவிடவில்லை.

எந்தக் கல்வி நிறுவனத்திலும் இரண்டு பதிவேடு இருக்கும் என்பது வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஒன்று ரஃப், இன்னொன்று ஃபேர். ரஃப் நோட்டில் நடந்தது இருக்கும். ஃபேர் நோட்டில் நடந்திருக்க வேண்டியது இருக்கும். ஆய்வுக்கு வருகிறவர்களுக்குக் காட்டுவது ஃபேர். எங்கள் கல்லூரிப் பொறுப்பாளர் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளித் தலைமையாசிரியர், நல்ல மனிதர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். ஆய்வு வருகிறது என்றால் பத்து நாளுக்கு முன்பே உட்கார்ந்து அழகான கையெழுத்தில் ஃபேர் நோட்டு எழுதிவிடுவார். அவருடைய வாழ்நாளில் அவர் நம்பிய ஒரே மதம் அதுதான்.

அந்த வருடம் புதிதாக ஒரு ஆணை வந்திருந்தது. சமுதாயக் கல்லூரிகளின் தரத்தை உயர்த்தப்போகிறார்களாம். தரம் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் காது சூடாகிவிடும். ஏழைகளிடமிருந்து எதையாவது பிடுங்கப்போகிறார்கள் என்றால் முதலில் அந்த வார்த்தையைத்தான் அனுப்புவார்கள். மற்ற கல்லூரிகளுக்குள்ள விதி இனி எங்களுக்கும். நூற்றுக்கு எழுபத்தைந்து வருகை இல்லாவிட்டால் தேர்வெழுத முடியாது. கற்பவர்களின் வசதிக்கேற்ப நேரம் வைத்துக்கொள்ளலாம் என்று பழைய வழிகாட்டுதலில் இருந்தது, புதிதில் காணவில்லை. அதைச் சரிபார்க்க மூன்று பேர் கொண்ட குழு வருவதாகக் கடிதம் வந்தது.

குழு வருவதற்கு முந்தின வாரம் நடந்த கூத்தைச் சொல்லி முடியாது. செய்முறை வகுப்புக்கு ஆளுயர பொம்மை ஒன்று இருக்க வேண்டும் என்பது விதி. எங்களிடம் இருந்த பொம்மைக்கு ஒரு கால் இல்லை. அம்பத்தூரில் தெரிந்த ஒரு நர்ஸிங் பள்ளியிலிருந்து முழுப் பொம்மையை இரவல் வாங்கி, நானும் பட்டாபிராமும் ஷேர் ஆட்டோவில் நடுவில் உட்கார வைத்து, துப்பட்டா போர்த்திக் கொண்டுவந்தோம். டிரைவர் அதற்கும் ஒரு ஆள் சார்ஜ் கேட்டார். நான் சண்டைக்குப் போனேன், பட்டாபிராம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரவல் பொம்மை விஷயத்தில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். பதிவேட்டு விஷயத்தில் மட்டும் நான் அரிச்சந்திரன் வீட்டில் பிறந்தவளாகிவிட்டேன்.

குழு வந்தது. இரண்டு ஆண்கள், ஒரு பெண். முந்திரி பிஸ்கட்டும் டீயும் சாப்பிட்டார்கள். பொம்மையைத் தட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டார்கள். பொறுப்பாளர் ஃபேர் நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். தினமும் ஒரே வேளை, பத்திலிருந்து ஒன்று, எல்லோரும் வந்திருக்கிறார்கள், அங்கங்கே திருஷ்டிக்கு ஒரு விடுப்பு. குழுத் தலைவர் புரட்டிக்கொண்டே, வேலைக்குப் போகிற பெண்கள் எப்படிப் பகலில் தினமும் வருகிறார்கள் என்று கேட்டார்.

அவர் சந்தேகப்பட்டுக் கேட்டாரா, சும்மா கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பொறுப்பாளர் என்னமோ முனகினார். எனக்குப் பொறுக்கவில்லை. நாங்கள் செய்வதில் உருப்படியான ஒரே விஷயம் அது, அதை ஏன் ஒளித்துவைக்க வேண்டும் என்று தோன்றியது. என் மேசை இழுப்பறையிலிருந்து ரஃப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய் அவர்முன் விரித்தேன். ஷிப்ட் விவரத்தை விளக்கினேன். இரண்டு வேளையும் ஒரே பாடம்தான், யாரும் எதையும் தவறவிடவில்லை என்று சொன்னேன். சென்னீர்குப்பத்தின் பெயர்மேல் விரலை வைத்து, இவள் எந்த வாரம் எந்த வேளை வந்தாள் பாருங்கள் என்று காட்டினேன். பொறுப்பாளர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். நான் நிறுத்தவில்லை.

குழுத் தலைவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். பாராட்டப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் செல்போனை எடுத்துக் கணக்குப் போட்டார். ஒரு நாளைக்கு இரண்டு வேளை நடத்தியிருக்கிறீர்கள், ஒவ்வொருவரும் அதில் ஒன்றுக்குத்தான் வந்திருக்கிறார்கள், ஆக வருகை நூற்றுக்கு ஐம்பது என்றார். இரண்டும் ஒரே பாடம் என்று மறுபடி சொன்னேன். நடத்திய வகுப்பு நடத்திய வகுப்புதான் அம்மா, பாடத்தை விதி பார்ப்பதில்லை என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிகிறது.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. இருபத்திரண்டு பேருக்கும் வருகை போதாது, யாரும் தேர்வெழுத முடியாது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நகரத்துக்குள் இருக்கும் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனேன். சண்டை போடும் எண்ணத்தோடுதான் போனேன். மின்சார ரயிலில் திருமுல்லைவாயிலிலிருந்து கடைசி ஸ்டேஷன் வரைக்கும் என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். அங்கே இருந்த பிரிவு அலுவலர் என் வயதுப் பெண்மணி. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். நான் கத்தியதையெல்லாம் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, எதற்கம்மா ரெண்டு கட்டம் போட்டீங்க, ஒரு கட்டம் போட்டிருந்தால் இந்தப் பேச்சே இல்லையே என்றார். திருத்திய பதிவேடு ஒன்று மாணவிகளின் கையெழுத்துகளோடு பத்து நாளில் அனுப்புங்கள், பரிசீலிக்கிறோம் என்று அவரே வழியும் சொன்னார். வேலைக்குப் போகிறவர்கள் மட்டும் பணியிடத்திலிருந்து ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதமும், பணிநேர அட்டவணையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்றார்.

அதாவது, நடந்ததைச் சொன்னால் தேர்வு கிடையாது. நடக்காததை எழுதி அனுப்பினால் உண்டு. ஒரு அரசாங்கக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், மின்விசிறிக்குக் கீழே, இவ்வளவு அன்பாக ஒருத்தர் எனக்குப் பொய் எழுதச் சொல்லிக்கொடுப்பார் என்று நான் நினைத்ததில்லை. சண்டை போட ஆள் கிடைக்காத கோபம் மாதிரி மோசமானது எதுவும் இல்லை.

வந்து பெண்களிடம் சொன்னேன். அவர்கள் அதிர்ச்சியடையவே இல்லை. ரேஷன் கார்டு, வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று எல்லாவற்றுக்கும் அலுவலகம் கேட்பதுபோல் எழுதிக்கொடுத்துப் பழகியவர்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். புதுப் பதிவேடு, ஒரே கட்டம். ஒரு வருடத்துக் கையெழுத்தை ஒரு பகலில் போட வேண்டும். ஒரே பேனாவில் போட்டால் தெரிந்துவிடும் என்று பொறுப்பாளர் ஏழெட்டுப் பேனா வாங்கி வந்திருந்தார். மழைக்காலத்துப் பக்கங்களுக்குக் கொஞ்சம் ஈரக்கை வைக்கச் சொன்னார். அந்த மனிதரின் திறமை முழுக்க இப்படியே செலவாகிவிட்டதே என்று எனக்கு அழுகையாக வந்தது. பெண்கள் சிரித்துக்கொண்டும் பழைய தேதிகளில் நடந்ததைப் பேசிக்கொண்டும் கையெழுத்துப் போட்டார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

பணியிடக் கடிதம் பெரும்பாலோருக்குச் சிரமமாக இல்லை. தையல் கடை, அப்பளம், வீட்டு வேலை, துணிக்கடை. முதலாளி ஒரு வெள்ளைத்தாளில் மாலையில் வேலை செய்கிறாள் என்று இரண்டு வரி எழுதினால் முடிந்தது. மெஷினில் விரல் வைத்து உள்ளே போய், மெஷினில் விரல் வைத்து வெளியே வருகிற ஒருத்தி சென்னீர்குப்பம் மட்டும்தான். மருத்துவமனை கொடுத்த அட்டவணையில் நிமிடம் வரைக்கும் அச்சாகியிருந்தது.

அவள் கையெழுத்துப் போட ஆரம்பிக்கவில்லை. அந்த அட்டவணையைப் புதுப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்து, நோயாளியின் காய்ச்சல் சார்ட்டைப் பார்க்க நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, விரலை ஒவ்வொரு தேதியாக நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏ ஷிப்ட் வாரம் பூரா நான் ரெண்டு எடத்துல கீறேன் டீச்சர்," என்றாள். "அங்க தொடச்சிக்கினு கீறேன், இங்க பட்ச்சிக்கினு கீறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அதற்குமேல் அவள் விளக்க வேண்டியிருக்கவில்லை. பல்கலைக்கழகம் இதைச் சரிபார்க்க மருத்துவமனைக்கு ஒரு கடிதம் அனுப்பினால் போதும். விரல் வைத்துவிட்டு ஓடிப்போய்விட்டாள் என்று சூப்பர்வைசர் அன்றைக்கே அவளை வேலையைவிட்டு அனுப்பிவிடுவார். படிப்புக்காக, கையில் இருக்கிற வேலையும் போகும். சரி, ஏ ஷிப்ட் வாரங்களில் மட்டும் விடுப்பு என்று போட்டுவிடலாம் என்றாள் அன்னனூர். பொறுப்பாளர் கணக்குப் போட்டார். மூன்று வாரத்தில் ஒரு வாரம் போய்விட்டால் நூற்றுக்கு அறுபத்தாறு. எழுபத்தைந்து இல்லை.

உண்மையை எழுதினாலும் அவளுக்கு வழியில்லை, பொய்யை எழுதினாலும் வழியில்லை. யாருக்காக இந்தக் கல்லூரியை ஆரம்பித்தார்களோ, அந்த ஒருத்திக்கு மட்டும் கதவைச் சாத்துகிற மாதிரி ஒரு விதியை எப்படி இவ்வளவு கச்சிதமாகச் செய்தார்கள் என்று நினைக்க நினைக்க எனக்குத் தலை சுற்றியது. வேண்டுமென்று செய்திருந்தால்கூட இவ்வளவு சரியாக வந்திருக்காது. அவள் என்ற ஒருத்தி இருப்பதே தெரியாமல் செய்ததால்தான் வந்தது.

நான் கத்தினேன். யாரும் கையெழுத்துப் போட வேண்டாம், இருபத்திரண்டு பேருமாகப் பழைய பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய் அலுவலக வாசலில் உட்காரலாம், பத்திரிகைக்குச் சொல்லலாம் என்றேன். பேனாக்கள் நின்றன. ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். அவர்களுக்கும் வீட்டில் ஆயிரம் கதை. ஒரு வருடம் மாமியாரிடமும் கணவனிடமும் திட்டு வாங்கிப் படித்தவர்கள்.

"என்னிய வுட்டுட்டு எழுதிக்கங்க டீச்சர்," என்றாள் சென்னீர்குப்பம். "இத்தினி பேரு பொயப்ப நான் எதுக்குக் கெடுக்கணும்."

அப்புறம் நான் என்ன செய்தேன் என்பதுதான் கேள்வி. என்னைத் தெரிந்தவர்கள், நீ சும்மா விட்டிருக்கமாட்டாயே என்பார்கள். சும்மாதான் விட்டேன். அவள் பெயர் இருந்த வரியை விட்டுவிட்டுப் புதிதாக ஒரு பதிவேடு எழுதினோம், இருபத்தொரு பெயர். ஒவ்வொரு பக்கத்திலும் அடியில் என் கையெழுத்து. அவள் பாதியில் நின்றுவிட்டதாக ஒரு தாளில் எழுதி இணைத்தோம். ஒரு வருடத்தில் ஒரு பாடத்தைக்கூடத் தவறவிடாதவள் பாதியில் நின்றவள். அதற்கும் கையெழுத்துப் போட்டவள் நான்தான். வாய் கிழியப் பேசினேனே தவிர, என் பேனா சொன்னபடி கேட்டது.

இருபத்தொரு பேரும் தேர்வெழுதினார்கள், எல்லோரும் தேறினார்கள். எங்கள் பதிவேடு ஒழுங்காக இருப்பதாகப் பல்கலைக்கழகத்திலிருந்து நல்ல வார்த்தைகூட வந்தது. அடுத்த வருடம் மாலை வகுப்பை நிறுத்திவிட்டார்கள். பத்திலிருந்து ஒன்று மட்டும். சென்னீர்குப்பம் ஒருநாள் வந்து, புது வகுப்பு நேரத்தைக் கேட்டுவிட்டு, ஏ ஷிப்ட் வாரங்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுப் படியிறங்கினாள். அந்த நர்ஸிங் சூப்பிரண்டன்ட் ஓய்வு பெற்றுவிட்டதைப் பிறகு பருத்திப்பட்டுதான் எனக்குச் சொன்னாள். பருத்திப்பட்டு அதே மருத்துவமனையில்தான் இப்போது நோயாளி உதவியாளர். எங்கள் சான்றிதழோடு போய்ச் சேர்ந்தவள்.

போன ஜூன் மாதம் கல்லூரியில் புது பேனர் அடித்தார்கள். உழைக்கும் மகளிர் உயரலாம் வாருங்கள் என்று பெரிய எழுத்து. கீழே ஒரு பெண் காதில் குழாய் மாட்டி, குனிந்து, யாரோ ஒருவருடைய கையில் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருக்கும் படம். முகத்தில் அப்படியொரு கவனம். சென்னீர்குப்பம். எப்போதோ செய்முறை வகுப்பில் அலுவலக உதவியாளர் எடுத்து வைத்திருந்த படத்தில் நன்றாக விழுந்திருந்தது அதுதானாம். கல்லூரி வாசலில் ஒன்று, ஆவடி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒன்று, அவளுடைய ஊரிலேயே, சென்னீர்குப்பம் கூட்ரோடு சந்திப்பில் ஒன்று.

பொறுப்பாளரிடம் போய், அவளுக்கு நாம் சான்றிதழே கொடுக்கவில்லை, அவள் படத்தை எப்படிப் போடலாம், எடுங்கள் என்றேன். அச்சடித்தாகிவிட்டது, இந்த வருட அட்மிஷன் முடியட்டும் என்றார். அவ்வளவுதான், எனக்குள் இரண்டு வருடமாகக் கொதித்தது பொங்கிவிட்டது. கட்டுத்துணி வெட்டும் டிரெஸ்ஸிங் கத்திரியை எடுத்தேன். வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாசல் பேனரின் கயிறுகளை வெட்டிக் கீழே தள்ளினேன். ஆட்டோ பிடித்து ஆவடிக்குப் போய் அதையும் வெட்டினேன். சென்னீர்குப்பத்துக்குப் போனபோது மதியம் பன்னிரண்டு இருக்கும். அவள் தினமும் வேலைக்குப் போகும் வழி அது. தினமும் அதை அவள் பார்க்கக்கூடாது என்பதுதான் என் மனதில் இருந்தது. அதனால் அதை மட்டும் கயிற்றோடு விடவில்லை. குறுக்கே கிழித்து, நான்காக்கி, குப்பை வண்டியில் நானே போட்டுவிட்டு வந்தேன். ரொம்ப நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் சோறு ருசித்தது.

நான்கு நாள் கழித்து, பி ஷிப்டுக்குப் போகிற நேரத்தில், பூந்தமல்லி பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். நீலச் சீருடையில் நின்றுகொண்டிருந்தாள். கல்லூரியிலிருந்து எனக்கு மெமோ வந்திருக்கிறது, உனக்காகத்தான் கிழித்தேன், வேலை போனாலும் பரவாயில்லை என்று பெருமையாகவே சொன்னேன்.

"அத்த நீயா கியிச்ச?" என்றாள். அதுவரை ஒருநாளும் அவள் என்னை நீ என்று சொன்னதில்லை. "எம் பொண்ணு கூடப் படிக்கிற புள்ளைங்களையெல்லாம் இட்டாந்து காட்டிச்சு, எங்கம்மா காலேஜில பட்ச்சாங்கன்னு. இன்னொரு பிரண்டக் கூட்டியாந்தப்போ பாத்தா பேனரே இல்ல. நீ பொய் சொல்றன்னு அந்தப் புள்ள சிரிச்சிட்டு பூட்ச்சாம். ஊட்ல வந்து அயுவுது."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஒரு வாட்டி நல்லது பண்றன்னு அந்த நோட்டக் காட்டுன. இப்ப இது. ரெண்டு வாட்டியும் என்னாண்ட ஒரு வார்த்த கேக்கணும்னு உனுக்குத் தோணவே இல்ல பாரு."

பஸ் வந்தது. அவளுக்கு நேரமாகிவிட்டிருந்தது, ஏறிப் போய்விட்டாள்.